தச்சுக் கொட்டகையில் சி.என்.சி.: காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தில் காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி அது. பழைய மாணவர்கள் சிலர் கைக்காசு போட்டு, கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் எந்திரம் ஒன்றை அதற்கு வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் மொழியில் சி.என்.சி. ரூட்டர். நான் அங்கே இயற்பியல் நடத்துகிறேன். எந்திரத்துக்குப் பொறுப்பாளன் இல்லை, ஆனால் அது வந்து இறங்கியதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். பிள்ளைகள் எங்கே முட்டிக்கொண்டார்கள், எது வழி திறந்தது என்று எழுதி வைத்தால், இதே மாதிரிப் பெட்டி வந்து இறங்கப்போகும் மற்ற பள்ளிகளுக்கு உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியைப் பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். மரம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று எந்திரத்துக்குக் கொஞ்சமும் தெரியாது என்பது மனதில் பதியத்தான் நாளாயிற்று. அது பதிவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாம் வீண் என்றே நினைக்கிறேன்.

எங்கே வைப்பது?

எந்திரம் பெரியதில்லை. மேசை 600-க்கு 400 மில்லிமீட்டர். மேலே, மரத்தைச் செதுக்கும் பிட்டை மாட்டிச் சுழற்றுகிற, நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை போகிற ஸ்பிண்டில். அதன் சூட்டைத் தணிக்க ஒரு வாளித் தண்ணீரும் சின்ன பம்ப்பும். குறுக்கே, நெடுக்கே, மேலும் கீழும் என்று மூன்று அச்சுக்கும், அடி அடியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார். கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் என்ற திறமூல நிரல் ஓடுகிறது. கணினியிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. வயர் வந்து செருகிக்கொள்ளும்.

அந்த வயரைப் பார்த்துத்தான் எல்லோரும் இது கணினி சமாச்சாரம் என்று முடிவு கட்டினார்கள். தப்பும் சொல்ல முடியாது. 2016-இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அப்படி அமைந்த ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சு எந்திரம் குளிர்சாதன அறையில் கணினிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இதையும் அங்கேயே வைக்கத்தான் நினைப்பார்கள். ஆக, எந்திரம் கணினி அறைக்குப் போனது. கணினி ஆசிரியை பொறுப்பேற்றார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட தச்சுக் கொட்டகையும், பிள்ளைகள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் தொழிலாசிரியரும் இருந்தது அப்போது யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அங்கே வாரக்கணக்கில் வரைகலை மென்பொருள் பாடம் நடந்தது. பதினோராம் வகுப்புத் தொழிற்பிரிவு மாணவர்கள் மயில், யானை, கிரிக்கெட் மட்டை என்று திரையில் அழகழகாக வரைந்தார்கள். அப்புறம் ஒருநாள் உண்மையான பலகை வந்தது.

நடந்தது இதுதான். பலகையின் நாலு மூலையையும் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். கிளாம்பின் போல்ட் பலகைக்கு மேலே ஒரு அங்குலம் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தாவும்போது பிட் எவ்வளவு மேலே எழும்ப வேண்டும் என்று மென்பொருளில் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதில் மென்பொருள் தானாகப் போட்டிருந்த 3 மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. திரையில் கிளாம்ப் கிடையாது. படம் மட்டும்தான் உண்டு. யானையின் தும்பிக்கையை முடித்துவிட்டு வாலுக்குத் தாவிய பிட், வழியில் நின்ற போல்ட்டில் முழு வேகத்தில் மோதியது. டிக் என்று ஒரு சத்தம். பிட்டின் பாதி, தடுப்புக் கண்ணாடியில் அடித்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் எந்திரம் நிற்கவில்லை. உடைந்த முனையோடு, காற்றில், யானையின் வாலை மிக நேர்த்தியாக வரைந்துகொண்டே போனது. பயந்துபோன ஒரு மாணவன் மானிட்டரை அணைத்தான், எந்திரத்தின் சிவப்புப் பொத்தானைத் தொடவே இல்லை. இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாக நினைப்பது அவனுடைய அந்தக் கைதான். அதுவரை நடந்த பாடம் எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்பதை அது காட்டிவிட்டது.

எந்திரம் கொட்டகைக்கு மாறியதற்கு அந்த விபத்து பாதிக் காரணம். மீதிப் பாதி தூசி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை என்றால் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் தூளோடு சேர்ந்து வரும். ஜன்னல் மூடிய ஏ.சி. அறையில் அதைப் பறக்கவிடக் கூடாது. கொட்டகையில் இரண்டு பக்கமும் திறப்பு, கூடவே தூள் உறிஞ்சும் வேக்குவம். வேலூர் வெயில் உள்ளே வரும், வரட்டும்.

கோல நோட்டு

மாஸ்டர் முதலில் எந்திரத்தைத் தொடவே விடவில்லை. கொட்டகையின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் நேர்ப்புள்ளி வைக்கச் சொன்னார். ஐந்துக்கு ஐந்து. சிக்குக் கோலம் எல்லோர் வீட்டிலும் உண்டு, ஆனால் ஒரு மாணவியிடம் அவள் பாட்டி காலத்து நோட்டே இருந்தது. அவள்தான் போட்டாள்.

இந்த யோசனை எங்கள் மூவருடைய பேச்சில் பிறந்தது. யார் முதலில் சொன்னது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. கணினி ஆசிரியைக்கு ஆயத்தொலைவுகளைக் கற்றுத்தர ஒரு வழி தேவைப்பட்டது. மாஸ்டருக்கு, கோட்டை எங்கே தொடங்குகிறோம் என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும். சிக்குக் கோலம் இரண்டுக்கும் பொருந்தியது. கை எடுக்காமல் போடும் ஒரே கோடு என்றால், எந்திரத்துக்கு அது நடுவில் தூக்கி இறக்கத் தேவையில்லாத ஒரே பாதை. புள்ளிகள் இருபது இருபது மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எக்ஸ், ஒரு ஒய் கிடைத்துவிடும். எந்திரத்தின் கட்டளைகளில் நேர்க்கோட்டுக்கு ஜி1, வலஞ்சுழி வளைவுக்கு ஜி2, இடஞ்சுழிக்கு ஜி3. மென்பொருளே இல்லாமல் நோட்டில் பென்சிலால் நிரல் எழுதினார்கள்.

எழுதியதை முதலில் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவன் எண்ணைப் படிக்க, இன்னொருவன் புள்ளிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். ‘எக்ஸ் நாற்பது, ஒய் இருபது’ என்றதும் எந்த மூலையிலிருந்து நாற்பது என்ற கேள்வி தானாக எழுந்தது. நடக்கிறவன் ஒரு மூலையைப் பூஜ்யமாக நினைத்துக்கொண்டான், படிக்கிறவன் எதிர் மூலையை. கோலம் சுவரில் போய் முட்டியது. சிரிப்பு அடங்கியபின், மாஸ்டர் இரும்பு ஆணி ஒன்றை மூலையில் வைத்து, ‘இதாண்டா பூஜ்யம். இதை எவன் நகத்துறானோ அவன்தான் பிட்டுக்குக் காசு குடுக்கணும்’ என்றார்.

இது வெறும் விளையாட்டு இல்லை. இந்தத் தொழில்நுட்பமே கிட்டத்தட்ட இப்படித்தான் பிறந்தது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர், ஹெலிகாப்டர் இறக்கைக்கான வளைவை எண்களின் பட்டியலாகக் கணக்கிட்டு வாங்கினார். அந்த எண்களைப் படிக்கப் படிக்க ஆட்கள் கைப்பிடியைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக வெட்டினார்கள். கைப்பிடி சுற்றும் வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்து, எண்களைக் காகித நாடாவிலிருந்து படிக்கும் எந்திரத்தை எம்.ஐ.டி. 1952-இல் ஓட்டிக் காட்டியது. தரையில் நடந்து முட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதை சொன்னவுடன் புரிந்தது. முன்பு கணினி அறையில் இதையே சொல்லியிருந்தால் பொது அறிவுக் கேள்வியாகக் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

பிறகு பிட்டுக்குப் பதில் ஸ்பிண்டில் பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் கோலம் வரைய வைத்தோம். அதன் பிறகு, பிட்டை மாட்டி, பலகைக்கு மேலே காற்றில் ஓட்டம். கடைசியில்தான் மரம்.

மரத்தில் பூஜ்யம் வைப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்பிண்டில் அணைந்திருக்கும். பலகையின் மேல் ஒரு துண்டு ஜெராக்ஸ் காகிதம்; தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு கையால் காகிதத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே, இன்னொரு கையால் பிட்டைப் பொடிப்பொடியாக இறக்க வேண்டும். ‘இன்னும் லூசா இருக்கு மாஸ்டர்.’ இன்னும் ஒரு சொடுக்கு. காகிதம் லேசாகப் பிடிக்கிறது, ஆனால் கிழியவில்லை. அங்கேதான் நிறுத்த வேண்டும். திரையில் எந்த எண் இருந்தாலும் விரல் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். இந்த ஒரு வேலையில் கணினியில் சூரர்கள் பலர் தடுமாறினார்கள். கோல நோட்டுக்காரி முதலிலேயே பிடித்துவிட்டாள்.

காகிதத்தில் சரியாக வந்தும் மரத்தில் கோலம் ஓரங்களில் ஆழமாகவும் நடுவில் கீறலாகவும் வந்தது. கணினி ஆசிரியை நிரலைத் தேடினார். மாஸ்டர் இரும்பு ஸ்கேலை எடுத்துப் பலகையின் மேல் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, குனிந்து பார்த்தார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. சித்திரை வெயிலில் காய்ந்த மாம்பலகை, நடுவில் குழிந்திருந்தது. மூலையில் வைத்த பூஜ்யம் நடுவில் பொய்யாகிவிட்டது. வி எழுத்துப்போல் கூராக இறங்கும் 90 டிகிரி வி-பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு. பலகை அரை மில்லிமீட்டர் குழிந்தால் கோடு ஒரு மில்லிமீட்டர் மெலியும். 60 டிகிரி பிட்டில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டராகக் குறையும், ஆனால் காணாமல் போகாது. இழைப்புளியால் பலகையை மட்டமாக்கிய பிறகுதான் கோலம் கோலமாக வந்தது. இந்தச் சின்ன முக்கோணவியல் கணக்கை நான் இயற்பியல் வகுப்பிலும் போட்டேன். பாடப் புத்தகக் கணக்குக்கு இல்லாத கவனம் இதற்கு இருந்தது.

மெதுவாகப் போனால் கருகும்

இதுவரை படித்தவர்களுக்கு மாஸ்டர் சொன்னதெல்லாம் சரி என்று தோன்றலாம். அப்படி இல்லை.

உளி பிடித்த கைக்கு நிதானம்தான் பாதுகாப்பு. அதனால் மாஸ்டர் வேகத்தை நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டரில் வைத்தார், ஸ்பிண்டிலை 18,000 சுற்றில். வேப்பம்பலகையில் கோட்டின் ஓரம் எல்லாம் கருத்தது. கொட்டகை முழுக்கக் கசந்த புகை. அவர் இன்னும் மெதுவாக்கினார். இன்னும் கருத்தது. பிட் மொக்கை என்று புது பிட் போட்டார்கள். அதுவும் சீக்கிரமே மொக்கையானது.

விஷயம் எளிமையானது. பிட்டுக்கு இரண்டு வெட்டு முனை. 18,000 சுற்றில் நிமிடத்துக்கு 36,000 வெட்டு. அந்த ஒரு நிமிடத்தில் 300 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு வெட்டுக்குக் கிடைப்பது 0.008 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதை எந்த முனையாலும் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் சூடு, சூட்டில் மரமும் கருகும், முனையும் மழுங்கும். 3 மில்லிமீட்டர் பிட்டுக்கு மரத்தில் ஒரு வெட்டுக்கு 0.05 மில்லிமீட்டராவது வேண்டும். சுற்றை 12,000 ஆகக் குறைத்தால் இரண்டு முனைக்கு 24,000 வெட்டு, அதை 0.05-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,200 மில்லிமீட்டர். நான்கு மடங்கு வேகம். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே, சிவப்புப் பொத்தான் மேல் கையை வைத்துக்கொண்டு, ‘ஓட்டு, பாக்கலாம்’ என்றார்.

புகை இல்லை. கீச்சென்ற சத்தம் போய், சீரான முரல் வந்தது. மாஸ்டர் குனிந்து கீழே விழுந்ததை விரலில் எடுத்தார். அதுவரை முகப்பவுடர் மாதிரி விழுந்த தூள், இப்போது நறநறவென்று சின்னச் சின்னச் சீவலாக இருந்தது. அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் வைக்கும் சோதனையே அதுதான்: எண்ணைப் பார்க்காதே, கீழே விழுவதைப் பார். சுற்று, வேகம், ஆழம் என்று மென்பொருள் கேட்கும் பெட்டிகளுக்கு இணையத்தில் கிடைக்கும் அட்டவணை தொடக்கப்புள்ளிதான். மரத்துக்கு மரம் அது மாறும். வைரம் பாய்ந்த தேக்கும், பால் காயாத ரப்பர் பலகையும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்படாது.

வகுப்பில் ஒரு பையனின் அப்பா சி.என்.சி. கடை வைத்திருக்கிறார், தலைவாசல் கதவுக்குக் கஜலட்சுமியும் பூஜை அறைக் கதவுக்கு மணி ஜாலியும் வெட்டித் தருகிற கடை. பையன் எந்திரத்தை ஓட்டுவதில் எங்கள் எல்லோரையும் விட வேகம். ஆனால் அவனுக்குத் தெரிந்தது அப்பா போட்டு வைத்த எண்கள் மட்டும். அது பெரிய எந்திரத்துக்கு, 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு உரிய எண். இங்கே போட்டதும் பிட் ஒடிந்தது. ஏன் ஒடிந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவன், கடையில் அப்பாவின் எண்களையும் மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்ததாகக் கேள்வி.

பெயர்ப்பலகை

முதல் உருப்படியான வேலை: ‘கணித ஆய்வகம்’ என்று, ஊர்ப் பெயரோடு, ஒரு பலகை. இதில் சந்தித்த தொல்லைகளை எந்தப் பயிற்சிக் காணொளியும் சொல்லாது. அதில் எல்லாம் ஆங்கில எழுத்துதான்.

அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கொட்டகைக் கணினியில் கோப்பைத் திறந்ததும் ஆங்கிலக் கிறுக்கல். சரி என்று யூனிகோடில் அடித்தால், செதுக்கும் மென்பொருளின் எழுத்துக் கருவி கூட்டெழுத்தைச் சேர்க்கத் தெரியாமல் ஊர்ப் பெயரில் ‘வே’யின் கொம்பை வகரத்துக்குப் பின்னால் தனியாகத் தொங்கவிட்டது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றிக் கொண்டுபோனதும் அது தீர்ந்தது. உடனே அடுத்தது: 150 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்தது 160 ஆக வந்து ஓரத்தை மீறியது. இன்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி; எங்கள் செதுக்கும் மென்பொருள் பழைய 90-ஐ வைத்துப் படித்தது. 96-ஐ 90-ஆல் வகுத்துப் பெருக்கிப் பாருங்கள், அந்த 160 வரும். அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது. ஆனால் கண்டுபிடித்தது, அடிஸ்கேல் வைத்து அளந்து பார்த்த ஒரு மாணவி.

எழுத்து வெட்டியதும் க, வ, ண ஆகியவற்றின் சுழிக்குள் நின்ற சின்ன மரத் திட்டுகள் பெயர்ந்து விழுந்தன. மாஸ்டர் பார்த்தவுடன் சொன்னார்: அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு ஒட்டுப்பிடி இல்லாமல் போகிறது. எழுத்தைப் பெரிதாக்கினார்கள். நெருக்கமான நார் உள்ள தேக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. மேலே சீலர் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்து, புது வி-பிட்டால் ஒரே இறக்கத்தில் வெட்டாமல் இரண்டு இறக்கமாக வெட்டினார்கள். நின்றது.

அளவு விஷயத்தில் ஒன்று சுவாரசியம். மாஸ்டருக்கு அங்குலமும் நூலும்தான் வாயில் வரும்; எட்டு நூல் ஓர் அங்குலம். எந்திரத்துக்கு மில்லிமீட்டர். பிள்ளைகள் அவரைத் திருத்த முயன்றார்கள். ஆனால் சின்ன பிட்டுகளின் காம்பு 3.175 மில்லிமீட்டர் என்ற அசட்டு எண்ணில் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. அது சரியாக ஒரு நூல்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளியைப் புடைப்பாகச் செதுக்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை. 150 மில்லிமீட்டர் சதுரத்தை 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் வருடினால் 500 வரி, மொத்தம் 75 மீட்டர். முன்பு சொன்ன 1,200 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு பாடவேளையில் முடியாது. அதோடு, மூன்று அச்சு எந்திரம் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். யாளியின் கோரைப்பல்லுக்குப் பின்னால் அதனால் நுழைய முடியாது. அந்த இடத்தை மாஸ்டரிடம் உளி வாங்கிச் செய்தார்கள். அந்த யாளி சுமாராகத்தான் இருக்கிறது, ஆனால் பல் நன்றாக வந்திருக்கிறது.

கரண்ட், தண்ணீர், துப்பட்டா

ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்ற எண்ணிக்கையைக் கட்டுப்பாட்டுப் பலகைதான் வைத்திருக்கிறது. கரண்ட் போனால் அந்த எண்ணிக்கை போச்சு. மூன்று அச்சின் ஓரத்திலும் சுவிட்ச் வைத்து, கரண்ட் வந்ததும் எந்திரத்தை மூலைக்குப் போய்த் தொட்டுவரச் செய்தால் மீட்கலாம். பலகையின் பூஜ்யத்தை ஜி54 என்ற நினைவிடத்தில் பதிந்திருந்தால் அது அழியாமல் இருக்கும். எங்கள் எந்திரத்தில் சுவிட்சை முதலில் இணைக்கவே இல்லை. பாதியில் நின்ற பலகைகள் அடுப்புக்குப் போயின. யு.பி.எஸ். போடலாம் என்றார்கள். ஸ்பிண்டிலையும் தாங்கும் யு.பி.எஸ்.ஸுக்கு விலை அதிகம். கணினிக்கும் மோட்டாருக்கும் மட்டும் போட்டால் நிலைமை மோசமாகும். சுழலாத பிட்டை மோட்டார் மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒடிக்கும். இதைச் சொன்னது கடைக்காரர் மகன். சுவிட்சு மூன்றும் மாட்டினோம், யு.பி.எஸ். வாங்கவில்லை.

வாளித் தண்ணீர் மே மாதத்தில் சூடேறிவிடும். கூடவே வந்த பம்ப் அடைத்துக்கொண்டபோது ஏர்கூலர் பம்ப் ஒன்றை மாட்டினார்கள். அது இன்றும் ஓடுகிறது. இன்னொரு தொல்லை, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட். அதற்குள் தூள் சேர்ந்தால் பிடி தளர்ந்து பிட் தானாகக் கீழே இறங்கும், வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும். பிட் மாற்றும்போதெல்லாம் காலெட்டைத் துடைப்பது இப்போது வழக்கம்.

துப்பட்டாவைக் கழற்றிவிட்டு மேலே ஏப்ரன், பின்னலைத் தூக்கிக் கொண்டை, கண்ணாடி. கையுறை கூடாது, சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முதலில் ஒரு பெற்றோர் வந்து, ‘கையுறைகூட வாங்கித் தரமாட்டீங்களா சார்’ என்று சத்தம் போட்டார். விளக்கியபின் ஒத்துக்கொண்டார்.

இன்னும் தீராதவை

ஒரே எந்திரம், ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள். ஒரு குழு வெட்டும்போது மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். இப்போது ஒரு குழு பலகை இழைக்கிறது, ஒன்று நோட்டில் நிரல் எழுதுகிறது, ஒன்று எந்திரத்தில். ஓரளவுக்குத்தான் சரிப்படுகிறது. காகிதத்தில் பூஜ்யம் பிடித்துக் காட்டாதவர்களுக்குத் தொடங்கும் பொத்தான் கிடையாது. இதனால் வரைவதில் கெட்டிக்காரர்கள் சிலர் சலித்துப்போய் விலகியிருக்கிறார்கள். அது இழப்புதான். ஆனாலும் நான் விதியைத் தளர்த்தச் சொல்லமாட்டேன்.

மாஸ்டர் ஓய்வுபெற அதிக காலம் இல்லை. கணினி ஆசிரியை இப்போது இழைப்புளி பழகிக்கொண்டிருக்கிறார்.

பழைய மாணவர்கள் மறுபடி வந்திருந்தார்கள். யாளியையும் பெயர்ப்பலகையையும் பார்த்து மகிழ்ந்து, இன்னொரு சி.என்.சி. வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். மாஸ்டர் அது வேண்டாம் என்று சொல்லி, பலகையை மட்டமாகச் சீவித் தரும் பிளேனர் மெஷின் ஒன்றைக் கேட்டிருக்கிறார். கொடுப்பவர்களுக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை. புகைப்படத்தில் எடுப்பாக இருக்காது. நிர்வாகக் கூட்டத்தில் நான் பிளேனருக்குத்தான் கை தூக்கினேன்.